மெலனி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

மனித குலத்துக்கு ஒரு காலத்தில் நெருப்பு கிடைத்தது. இன்னொரு காலத்தில் சக்கரம் கிடைத்தது. அதற்குப் பிறகு உருப்படியாகக் கிடைத்தது என்றால், கருப்பாயி என்பது உண்மையில் ஒரு கிரேக்கப் பெயர் என்ற உண்மைதான். நெருப்பும் சக்கரமும் எங்கே கண்டுபிடிக்கப்பட்டன என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. இதில் தகராறே இல்லை. ருவான்வெல்லை பஜாரிலிருந்து பஸ் ஏறி, அது மூச்சுவாங்கி நிற்கிற இடத்தில் இறங்கி, மேலே நடந்தால் வருகிற டங்கன்மூர் ரப்பர் தோட்டத்து ஆபீசில், பிளேன்டீயும் கேக்கும் வருவதற்குச் சற்று முன்பு அது கண்டுபிடிக்கப்பட்டது. தோட்ட நலன்புரிச் சங்கத்தின் உபசெயலாளர் என்ற முறையில் நானும் அந்த அறையில் இருந்தேன். கேக் பரவாயில்லை.

அந்த மகத்தான கூட்டம் ஏன் கூடியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கீழ் லயத்துக்குப் பின்னால் உள்ள மலை சில வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்து, அபாயம் என்று சிவப்பு போர்டு ஒன்று நட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கு மலையோடு சேர்ந்து போர்டும் ஒரு முழம் இறங்கியது. லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள்; அதில் பன்னிரண்டு குடும்பம். ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் மேட்டு நிலத்தில் பன்னிரண்டு வீடு கட்டிக்கொடுத்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எந்த மடையனாலும் கெடுக்க முடியாத கணக்கு. இப்படிப்பட்ட கணக்கைப் படித்தவர்கள் பொறுப்பில்தான் விட வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஆலோசகர் துஷாந்தினி அனுப்பப்பட்டார்.

துஷாந்தினி மிஸ் கெட்டவர் இல்லை. இனிமையாகப் பேசுவார். எங்கள் லயத்து நாய்களுக்குக்கூட பிஸ்கட் கொண்டுவருவார். அவருடைய கொள்கை ஆழமானது.

"வீடு யாரும் குடுக்கலாம்," என்றார். "கௌரவம் குடுக்கிறதுதான் கஷ்டம். அதனால வீட்டோட சேர்த்து நாங்க 'பெயர் கௌரவச் செயற்திட்டம்' ஒண்ணும் செய்றோம். ஒவ்வொரு தொழிலாளியும் தன்னோட பேரோட அர்த்தத்தை உணரணும். தலை நிமிரணும்."

கூட்டத்தின் நோக்கம் தொழிலாளரின் பெயருக்கு மதிப்பளிப்பது. கூட்டத்தின் நேரம் காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் தொழிலாளர் எல்லோரும் மலையில் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே கூட்டத்துக்கு அவர்களுடைய பெயர்கள் மட்டும் வந்திருந்தன. பெயர்களுக்குத்தானே மதிப்பு, ஆள் எதற்கு என்று யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சுவரில் பன்னிரண்டு பெயரும் புரொஜெக்டர் வெளிச்சத்தில் தெரிந்தன. இந்திரகுமார் என்றதும் மிஸ் 'பிரமாதம்' என்றார். விஜயகலா என்றதும் 'வெற்றியும் கலையும்' என்றார். ஏதோ அந்த இரண்டும் விஜயகலாவின் காம்பராவில் கட்டிலுக்கடியில் கிடப்பதைப் போல எங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது. கடைசிப் பெயரில் மிஸ் நின்றுவிட்டார்.

"கருப்பாயி," என்று வாசித்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இது பேரா? இல்ல யாரோ திட்டினதா?"

"பேருதான் மிஸ்," என்றார் பெரிய கிளாக்கர் பழனியப்பன் ஐயா. "நல்ல வேலைக்காரி. மழை பெஞ்சாலும் மரத்த விட மாட்டா."

"ஒரு பெண்ணை அவ நிறத்தைச் சொல்லியா கூப்பிடுறீங்க? இந்தக் காலத்துல? ரிப்போர்ட்ல இதைப் படிச்சா உதவி குடுக்கிறவங்க அழுதிருவாங்க."

"நிறம் இல்லீங்க மிஸ்," என்று நான் எழுந்தேன். "பெக்டரிக்குப் பக்கத்துல பலா மரத்தடியில நம்ம கருப்பன் சாமி கல்லு இருக்கு. அவருக்கு நேர்ந்து பொறந்த புள்ள. அருவாளோட காவலுக்கு நிக்கிற சாமிங்க. அந்தப் பேருதான்..."

"மத விவகாரம் நிகழ்ச்சிநிரலில் இல்லை," என்றார் பழனியப்பன் ஐயா. நான் உட்கார்ந்தேன். கேக் இன்னும் வந்திருக்கவில்லை.

மிஸ் தன் போனை எடுத்து உலகத்தைக் கலந்தாலோசித்தார். உலகம் சில நொடியில் பதில் சொன்னது. அவர் முகம் மலர்ந்தது.

"கேளுங்க! கிரேக்கத்துல கருப்புன்னு அர்த்தம் வர்ற பேர் 'மெலனி'. எவ்வளவு ஸ்டைலான பேர்! அரபியில லைலான்னா இரவு. அயர்லாந்துல கியாரா, கருமையான பெண். சமஸ்கிருதத்துல சியாமளா..."

ஆபீஸ் டைப்பிஸ்ட் சியாமளா குறிப்பெழுதுவதை நிறுத்தினாள். "மிஸ், சியாமளான்னா அழகுன்னு எங்கம்மா சொன்னாங்க."

"அழகுதான். கருப்பான அழகு."

சியாமளா எழுந்துபோய், வெயில் படுகிற சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தேநீர் தட்டோடு உள்ளே வந்தான் காவற்காரன் கலு மல்லி. அவனுடைய சொந்தப் பெயர் என்னவென்று அவனுடைய அம்மாவுக்குத் தெரியலாம். "நமக்கும் ஊரே கலுன்னு தானே மிஸ் சொல்றது," என்றான் அவனுடைய தமிழில். "சிங்களத்துல கலுன்னா கருப்பு. கோவம் இல்ல. பாத்தா தெரியுது தானே. அங்க இரத்தினபுரியில ஓடுற ஆறு கூட கலு கங்க. அதுக்கும் பேர் மாத்தப் போறதா?"

"யாரும் பேர் மாத்தலை. உறவு தேடுறோம்," என்றார் மிஸ். இன்னும் தேடினார். அப்போதுதான் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மீசையோடு தொங்கிய வெள்ளைக்காரரின் மேல் அவர் பார்வை விழுந்தது. காட்டை அழித்து எங்கள் தோட்டத்தை உண்டாக்கியவர். காட்டை எங்கள் ஆட்கள் அழித்தார்கள், அவர் உண்டாக்கினார். "டங்கன்! அட, ஸ்கொட்லாந்துல டங்கன்னா 'கரிய வீரன்'னு போட்டிருக்கு!"

தோட்ட மேனேஜர் துரை அதுவரை நாற்காலியில் சரிந்து கண் மூடியிருந்தார். இப்போது நிமிர்ந்தார். பழனியப்பன் ஐயா குரலைத் தாழ்த்தி, "மெதுவாச் சொல்லுங்க மிஸ், அந்தப் பேர்லதான் தோட்டமே ஓடுது," என்றார்.

ஆக, நூறு வருடத்துக்கு மேலாக அந்தத் தோட்டத்தில் ஒரே பெயர்தான் சுவரில் படமாகவும் மலையில் ஆளாகவும் இருந்திருக்கிறது. ஒன்றுக்கு பங்களா கிடைத்தது, மற்றதற்கு வெடித்த காம்பரா கிடைத்தது என்ற சிறு வேறுபாட்டை ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. கேக் வந்தது. கூட்டம் 'பெயர்களின் உலகளாவிய உறவை' ஏகமனதாக ஏற்றுக் கலைந்தது. மிஸ் போகும்போது, "கருப்பாயி அன்டிக்கு நான் ஏதாவது நல்லது செய்வேன்," என்றார். சொன்னபடியே செய்தார். அதுதான் விபரீதம்.

கருப்பாயி அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். ஒற்றை ஆள். கீழ் லயத்தின் கோடிக் காம்பரா. பின்சுவரில் வெடிப்பு. முதலில் அதில் பல்லி போய் வந்தது. பிறகு பூனை போய் வந்தது. இப்போது அக்கா அதில் கையை நீட்டி வெளியே மழை பெய்கிறதா என்று பார்ப்பார். "எனக்குக் கதவு ரெண்டு," என்று சிரிப்பார். ஆனால் மழை தொடங்கினால் சாப்பாட்டுப் பானையையும் பால் கத்தியையும் வாசற்பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஓடுகிற ஆளைப் போலவே உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு குடும்பத்தில் அந்த வீடு யாருக்கு உயிர்ப் பிரச்சினை என்று கேட்டால், குழந்தையும் கோடிக் காம்பராவைக் காட்டும்.

வீடு வழங்கும் விழா ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு மைதானத்தில் நடந்தது. பந்தல், வாழை மரம், ஒலிபெருக்கி, வெயில், எதற்கும் குறைவில்லை. சாவிகளை ஒரு தட்டில் வைத்து, பூ வைத்து, மேசையில் வைத்திருந்தார்கள். பேச்சுகள் நடந்தன. துஷாந்தினி மிஸ்ஸின் பேச்சு மிக உருக்கமானது.

"உங்களுக்குள்ள ஒரு சகோதரி இருக்காங்க," என்றார். "அவங்களுக்குத் தெரியாமலே அவங்க பேருக்கு மூவாயிரம் வருஷ சரித்திரம் இருக்கு. கிரேக்க நாட்டுக் கடற்கரையில அந்தப் பேர் பொறந்துச்சு. அந்தப் பேர்தான் மெலனி!"

கூட்டம் கை தட்டியது. நாலாவது வரிசையில் கருப்பாயி அக்காவும் பக்கத்துக் காம்பரா விஜயகலாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் இருந்தேன்.

"யாருடி அந்த மெலனி?" என்று அக்கா கேட்டார்.

"ஆபீஸுக்குப் புதுசா வந்த கம்ப்யூட்டர் பொண்ணா இருக்கும்க்கா."

"நல்ல பேரு. வாயில வச்சா ஐஸ் பழம் மாதிரி இருக்கு."

"ஒனக்கும் வச்சிருக்காங்க பாரு பேரு."

"ஏன், எனக்கு என்ன கொற? கூப்பிட்டா மலை மேல இருக்கிறவனுக்கும் கேக்கும்."

பெயர்கள் வாசிக்கப்பட்டன. இந்திரகுமார் போனான். விஜயகலா சேலையைச் சரிசெய்துகொண்டு போய், சாவியை வாங்கி, துரையைக் கும்பிட்டு, அழுது, படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பதினோரு சாவி போயிற்று. தட்டில் பூவும் ஒரு சாவியும் மிஞ்சின.

"பன்னிரண்டாம் இலக்க வீடு," என்றார் பழனியப்பன் ஐயா ஒலிபெருக்கியில். "மெலனி!"

யாரும் எழவில்லை.

"மெலனி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

கருப்பாயி அக்கா கழுத்தை நீட்டி முன்னாலும் பின்னாலும் பார்த்தார். யாரும் வராததைக் கண்டு, அந்தப் பொண்ணு வெட்கப்படுகிறதோ என்று நினைத்து, உற்சாகப்படுத்தக் கை தட்டினார். அவரைப் பார்த்து லயமே கை தட்டியது. மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, "சமூகமளிக்கவில்லை," என்று அறிவித்து, சாவியைப் பழனியப்பன் ஐயா தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியூர் வாசகர்கள் இந்த இடத்தில் ஒன்று கேட்கலாம். கருப்பாயி என்ற பெயர் வாசிக்கப்படவே இல்லையே, இத்தனை பேர் இருந்தும் ஏன் ஒருவரும் எழுந்து கேட்கவில்லை? நியாயமான கேள்வி. பதில் எங்கள் தோட்டத்தின் நீண்ட அனுபவத்தில் இருக்கிறது. கூரைத் தகரம் வந்தபோது கடைசிக் கட்டு யாரோ ஒரு 'மிஸ்டர் பெரேரா'வுக்குப் போனது. தண்ணீர்த் தாங்கி வந்தபோது ஒன்று பஜாரில் யார் வீட்டு மேலோ போய் உட்கார்ந்தது. நல்லது எது வந்தாலும் அதில் ஒரு பங்கு நாங்கள் கேள்விப்படாத ஒரு பெயருக்குப் போகும் என்பது எங்களுக்கு மழை வெயில் மாதிரி. ஆகவே மெலனி என்று கேட்டதும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பெயரை ஆபீசில் ஏற்கனவே கேட்டிருந்த நானும் கேக்கோடு அதை மறந்திருந்தேன். எல்லாம் முறைப்படி நடப்பதாகவே நினைத்தோம்.

"பரவால்ல," என்றார் கருப்பாயி அக்காவும். "பதினொண்ணாச்சும் நம்ம லயத்துக்கு வந்துச்சே."

"நீயெல்லாம் ஒரு மனுசியா?" என்று விஜயகலா சாவியை முந்தானையில் முடிந்தபடி அவர் தோளில் இடித்தாள். "எனக்கே வயிறு எரியுது, நீ கை தட்டுற!"

மிஸ் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். "மெலனி ஏன் வரலை? உடம்பு சரியில்லையா?"

"எந்த மெலனி மிஸ்?"

"என்ன எந்த மெலனி? சுவர்ல வெடிப்பு இருக்கே, தனியா இருப்பாங்களே, அந்த அன்டி."

"அது கருப்பாயி அக்கா."

"ஆமா. மெலனி."

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். மெலனி காலியான சோடாப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்தார். "நானா? எப்பயிலருந்து?"

"போன மாசத்துல இருந்து அன்டி. கொழும்புல பட்டியல் அடிக்கும்போது நான்தான் மாத்தினேன். உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு."

"நல்லா இருக்கும்மா. அப்ப சாவிய குடுங்க."

அவ்வளவு எளிதாக முடியக்கூடிய காரியமாக இருந்தால் நாட்டில் ஆபீஸ்கள் எதற்கு?

மறுநாள் வேலை முடிந்து, பாலை ஊற்றிவிட்டு, கை கழுவாமலே அக்கா ஆபீஸுக்கு வந்தார். சங்கத்தின் சார்பில் நானும் போனேன். பழனியப்பன் ஐயா வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதன் அறிகுறி.

"அட்டை நம்பர் ஒன்னோடதுதான்," என்றார். "ஆனா பேர் ஒன்னோடது இல்ல."

"நம்பர் என்னோடதுன்னா வீடு என்னோடதுதானேங்க?"

"நம்பருக்கு வீடு குடுக்க முடியுமா? ஆளுக்குத்தான் குடுக்கணும். ஆள் யாரு? மெலனி. நீ யாரு? கருப்பாயி."

"ஐயா, இன்னிக்கு விடியக்காலம் பெரட்டுல ஆள் பிரிச்சுக்கிட்டு 'கருப்பாயி, ஒனக்கு மேமலை'ன்னு சொன்னீங்க. நான் போனேன். அப்ப நான் யாருன்னு ஒங்களுக்கு சந்தேகமே வரலியே?"

"அது வேலை. இது வீடு. ரெண்டும் வேற வேற பிரிவு."

இந்தப் பதிலை நான் சங்கத்தின் அறிக்கையில் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். நிர்வாகவியல் மாணவர்களுக்குப் பயன்படும்.

கொழும்புக்குப் போன் போட்டார்கள். துஷாந்தினி மிஸ் போனிலேயே கண்கலங்கினார். "திரும்பக் கருப்பாயின்னு மாத்தவா சொல்றீங்க? குடுத்த கௌரவத்தைப் பறிக்கச் சொல்றீங்களா? என்னால முடியாது. மூணு மொழியில அச்சடிச்சாச்சு. கருப்பாயியும் மெலனியும் ஒரே அர்த்தம்னு நான் ஒரு சான்றிதழ் வேணும்னா தர்றேன்."

சான்றிதழ் வந்தது. அழகான பளபளப்புக் காகிதம். 'கருப்பாயி, மெலனி, லைலா, சியாமளா ஆகிய பெயர்கள் பொருளால் ஒன்றே' என்று அதில் கண்டிருந்தது. இனி எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலை டைப்பிஸ்ட் சியாமளா ஒரு விண்ணப்பம் கொடுத்தாள். பொருள் ஒன்றென்றால் உரிமையும் ஒன்று. தானும் வாடகைக் காம்பராவில்தான் இருக்கிறாள். ஆகவே பன்னிரண்டாம் வீட்டை அவளுக்குத் தர வேண்டும். மத்தியானம் பஜாரிலிருந்து பலசரக்குக் கடை பவாஸ் முதலாளி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்.

"ஐயா, எங்க வீட்டுக்காரி பேர் லைலா," என்றார். "சான்றிதழ்ல பேர் கெடக்குதாம். கருப்புக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல, அவ நல்ல வெள்ள. ஆனா பேர் பேர்தானே. வீடு வேணாம். சரக்கு போட்டு வைக்க ஒரு அறை கெடச்சாப் போதும்."

சாயங்காலம் கலு மல்லி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "நம்ம பேர் அந்தக் கடதாசியில இல்ல. விட்டுப்போச்சு போல. பரவாயில்லயா ஐயா?"

"ஒங்க டங்கன் தொரை படத்துக்கும் ஒரு விண்ணப்பம் போடச் சொல்லுங்களேன்," என்றாள் விஜயகலா ஆபீஸ் வாசலில் நின்று. "அவரும் நம்ம சாதிசனந்தானாமே!"

பழனியப்பன் ஐயா அவளைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். ஆனால் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உரிமை கோருவோர் பலராக இருப்பதால், உண்மையான மெலனி நேரில் தோன்றும் வரை வீட்டைத் தோட்ட நிர்வாகமே பாதுகாக்கும் என்று முடிவானது. பாதுகாப்பதற்கு வசதியாக, ரப்பர் பாலை உறையவைக்கிற அசிட் கேன்களை பெக்டரியிலிருந்து கொண்டுவந்து உள்ளே அடுக்கினார்கள். மேட்டு நிலத்தில் பதினோரு வீட்டில் விளக்கு எரிந்தது. பன்னிரண்டாம் வீட்டில் அசிட் குடியிருந்தது. கீழ் லயத்தில் கருப்பாயி அக்கா தனியாக இருந்தார், மலையோடு.

மழை தொடங்கியது. வெடிப்பில் அக்காவின் தோள் போக ஆரம்பித்தது. விஜயகலா தன் புது வீட்டுக்கு வந்துவிடும்படி கெஞ்சினாள். "ஒன் வீட்ல அஞ்சு பேரு. நான் வந்து எங்க, செவுத்துல ஆணி அடிச்சுத் தொங்கவா?" என்று அக்கா மறுத்தார். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். கருப்பாயி என்றார்கள். "இருக்கேன்," என்றார். இன்னும் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் உதவி கொடுத்த நிறுவனத்தாரே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுடைய அறிக்கையின் அட்டைப்படத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த பெயர், மெலனி. கிரேக்கக் கடற்கரையில் பிறந்து ரப்பர் மலையில் பால் வெட்டும் பெண்ணை அவர்கள் அவள் வீட்டு வாசலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

துஷாந்தினி மிஸ் முதல் நாளே ஓடி வந்தார். பழனியப்பன் ஐயாவை இழுத்துக்கொண்டு கீழ் லயத்துக்கே இறங்கி வந்தார். ஆபீஸ் லயத்துக்கு இறங்கி வருவது பெரிய விஷயம். மலை இறங்குவதைவிட அரிது.

"அன்டி, நாளைக்கு ஒரு அரை மணித்தியாலம் மெலனியா நில்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நின்னா?"

"படம் எடுப்பாங்க. அவ்வளவுதான். பிறகு நீங்க வழக்கம்போல இருக்கலாம்."

அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "நிக்கலாம்மா. ஆனா பால் காய்ச்சாத வீட்டு வாசல்ல நிக்க மாட்டேன். ஆகாது. அசிட் நாத்தத்துல நின்னா மூஞ்சி படத்துல கோணலா விழும்."

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் பழனியப்பன் ஐயா.

"செய்யட்டும், செய்யட்டும்! கலாசாரம்! படத்துக்கு ரொம்ப நல்லது," என்றார் மிஸ்.

ஆக, கேன்களை எடுத்தார்கள். அவசரத்தில் பின்னறைக் கேன்கள் நாலைந்து நின்றுவிட்டன. அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். அக்காவும் விஜயகலாவும் தரை கழுவினார்கள். வாசலில் மூன்று மொழியிலும் 'மெலனி' என்று பொறித்த பளிங்குப் பலகை பதிக்கப்பட்டது. மறுநாள் விருந்தினர் வந்தபோது மூன்று கல்லில் புதுப் பானை வைத்து, அக்கா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். வெள்ளைக்கார அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகையாகவும் இருக்கலாம். துரை தன் கையாலேயே சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று இரண்டாம் தடவையும் கொடுத்தார்.

"உங்கள் பெயர் மிக அழகு. அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியுமா?" என்று வெள்ளைக்கார அம்மா கேட்க, மிஸ் தமிழில் சொன்னார்.

"பேரு இப்பதானேம்மா வந்திருக்கு," என்றார் அக்கா. "அர்த்தம் இன்னும் வந்து சேரல."

மிஸ் அதை ஆங்கிலத்தில், இவர் தன் மூதாதையரை எண்ணிப் பேச்சிழந்து நிற்பதாக மொழிபெயர்த்தார். எல்லோரும் தலை அசைத்தார்கள். ஜீப்புகள் புறப்பட்டன. மிஸ்ஸும் அவற்றிலேயே போய்விட்டார்.

தூசி அடங்கியதும் பழனியப்பன் ஐயா திரும்பினார். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"ஏ கருப்பாயி! சாவியக் குடு. நேரமாச்சு."

"கருப்பாயிக்கு இங்க வீடு இல்லைங்களே ஐயா," என்றது உள்ளேயிருந்து குரல். "நீங்கதானே சொன்னீங்க. யாரு வீட்டு வாசல்ல வந்து யாரத் தேடுறீங்க?"

"வெளையாடாத. சாவி யார்கிட்ட இருக்கு?"

"வீட்டுக்காரங்ககிட்ட."

"யாரு வீட்டுக்காரங்க?"

"பலகையில எழுதியிருக்கே. எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்க படிச்சவரு."

லயத்துச் சனம் கூடிவிட்டது. பழனியப்பன் ஐயா கைபேசியை எடுத்து, அங்கேயே நின்று மிஸ்ஸைப் பிடித்தார். ஜீப் சத்தத்துக்கு மேலால் மிஸ் கத்தியது எங்களுக்கெல்லாம் கேட்டது. "என்ன சொல்றீங்க? மெலனி அவங்க வீட்டுலதானே இருக்காங்க! இப்பதான் எல்லாரும் பார்த்துட்டு வர்றோம். படம் கொழும்புக்கே போயிருச்சு. தயவுசெய்து அவங்களைத் தொந்தரவு செய்யாதீங்க!"

போன் வைக்கப்பட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பழனியப்பன் ஐயா போகத் திரும்பினார். அப்போது பெக்டரிப் பக்கமிருந்து கலு மல்லி ஓடி வந்தான். சேர்த்த பால் எல்லாம் தொட்டியில் காத்திருக்கிறது, உறையவைக்க அசிட் இல்லை, கொண்டுபோன கேன் எல்லாம் காலி, நிறைந்தவை அந்தப் பின்னறையில், துரை கத்துகிறார்.

ஐயா கதவருகே போனார். "ஏ..." என்று தொடங்கினார்.

"மரியாதையாக் கூப்பிடுங்க ஐயா," என்றாள் விஜயகலா. "கௌரவத் திட்டத்து வீடு."

அவர் சுற்றிலும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பலகையை ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தார். பிறகு, வாழ்நாளில் துரைமாரிடம் மட்டுமே பயன்படுத்திய குரலில், "மெலனி அம்மா," என்றார். "பின்னறையில நம்ம கேன் கொஞ்சம் இருக்கு. எடுத்துக்கலாங்களா?"

 உள்ளேயிருந்து, அந்த ஆபீஸ் சன்னலில் எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த அதே பதில் வந்தது.

"இன்னிக்கு முடியாது. நாளைக்கு வாங்க."

டங்கன்மூர் ஆபீஸ் ஒரு பால்வெட்டுக்காரியை 'அம்மா' என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை என்பதை நலன்புரிச் சங்கத்தின் சார்பில் பெருமையோடு பதிவு செய்கிறேன். செயற்திட்டம் மாபெரும் வெற்றி. எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு வீடும் மரியாதையும் கிடைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று அது நிரூபித்துவிட்டது. அவள் கருப்பாயியாக மட்டும் இருக்கக் கூடாது.